இரண்டே ஸ்வரம், ஒரு மாத பஜ்ஜி

கான்டீன் பஜ்ஜிக்கும் ஹாலிவுட் சங்கீதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். முப்பது நாள் சம்பந்தம். சொல்கிறேன்.

என் பக்கத்து ஸீட்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பையனுக்கு இருபத்தாறு வயது. எனக்கு ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் மூன்று வருஷம். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருப்பவை ஒரு ஃபேனும் ஒரு ஸ்டேப்ளரும்தான். அவன் காதில் எப்போதும் ஏதாவது செருகியிருக்கும். ஒருநாள் நாலு மணி டீ வந்த நேரத்தில், அதில் ஒன்றைப் பிடுங்கி என் காதில் வைத்தான்.

'ப்ப்பாஆஆஆம்!'

பாதி டீ சட்டையில்.

"என்னப்பா இது, தண்ணி லாரி ஹாரனா?"

"ஹான்ஸ் ஸிம்மர் ஸார்! 'இன்செப்ஷன்', 2010. தியேட்டர்ல ஸீட்டே ஆடுச்சு. இதுக்கப்புறம் வந்த ட்ரெய்லர் எல்லாம் இந்த மாதிரிதான் அலறுச்சு."

அன்று முதல் அவனுக்கு நான் வைத்த பெயர் ஸிம்மர் தாசர். மூக்கில் கோபம் வராத பையன். பெயரை சந்தோஷமாக ஏற்றுக்கொண்டான். அதுதான் எனக்குக் கோபம்.

ஏனென்றால் நான் வில்லியம்ஸ் கட்சி. ஜான் வில்லியம்ஸ். பரம்பரைக் கட்சிக்காரன் என்றே சொல்லலாம். 1975-ல் வந்த 'ஜாஸ்', எங்கள் ஊர் தியேட்டருக்கு வந்து சேர்வதற்குள் பல வருஷம் பழசாகி, பிரின்ட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. அந்தச் சுறா மீன் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவன், ஒரு வாரம் தாமிரபரணியில் முழங்காலுக்கு மேல் இறங்கவில்லை. ஆற்றில் சுறா வராது என்று பூகோள வாத்தியாரே சொல்லியும் கேட்கவில்லை. வாத்தியாருக்கு என்ன தெரியும்? அவர் காதில் அந்த 'டு... டும்' ஒலித்துக்கொண்டா இருந்தது?

இரண்டே ஸ்வரம் ஸ்வாமி! பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு ஸ்வரம். நம் கணக்கில் ஸ, சுத்த ரிஷபம். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை ஆரம்பிக்கும் குழந்தை முதலில் பாடுகிறதே, அதே இரண்டு. வில்லியம்ஸ் இதைப் பியானோவில் வாசித்துக் காட்டியபோது டைரக்டர் ஸ்பீல்பெர்க், மனுஷன் ஜோக் அடிக்கிறார் என்று நினைத்துச் சிரித்தாராம். அந்த ஜோக்குக்கு ஆஸ்கர் கொடுத்தார்கள்.

அதில் இன்னொரு சாமர்த்தியம். படப்பிடிப்பில் அந்த மெஷின் சுறா அடிக்கடி மக்கர் செய்ததால் அதை அதிகம் காட்ட முடியவில்லை. சுறா இல்லாத இடங்களில் அந்த 'டு... டும்'தான் சுறா. ஆனால் பாருங்கள், இரண்டு விஷமக்காரப் பையன்கள் போலித் துடுப்பைக் கட்டிக்கொண்டு வந்து கடற்கரையைக் கலக்கும் காட்சியில் இசை கிடையாது. பொய்ச் சுறாவுக்கு ஸ்வரம் இல்லை! இசை வந்தால் சுறா வரும், வராவிட்டால் வராது என்று நம் காதைப் பழக்கிவிடுகிறார். நன்றாகப் பழகியபிறகு, ஒரு காட்சியில் இசையே இல்லாமல் சுறா திடீரென்று தண்ணீருக்கு மேலே தலையைத் தூக்கும். தியேட்டரில் என் பக்கத்தில் இருந்தவர் என் மடியில் இருந்தார்.

எங்கள் மானேஜருக்கும் ஒரு பின்னணி இசை உண்டு. அவர் ஷூ 'கிறீச்... கிறீச்' என்று கத்தும். அது கேட்டால் ஆபீஸ் முழுக்க ஃபைல் திறக்கும். ஒரு மழை நாளில் அவர் ஹவாய் செருப்பில் வந்தார். மூன்று பேருக்கு மெமோ. வில்லியம்ஸ் செய்தது இதுதான்.

*

இந்த இடத்தில் ஒரு சின்ன விளக்கம். நம் ஊரில் இசையமைப்பாளர் என்றால் முதலில் பாட்டு, அப்புறம்தான் ரீரிக்கார்டிங். ஹாலிவுட்டில் இவர்களுக்குப் பெரும்பாலும் ரீரிக்கார்டிங்தான் மொத்த உத்தியோகமே. அஞ்சு பாட்டில் மயக்கிவிட்டு, பின்னணியில் ஒப்பேற்றலாம் என்ற சௌகரியம் கிடையாது. ஆகவே சண்டையும் அதைப் பற்றியே.

இந்த மாதிரிச் சண்டை நமக்குப் புதிதா என்ன? 1992-ல் 'ரோஜா' வந்தபோது என் பழைய ஆபீஸ் கான்டீனே இரண்டாகப் பிரிந்தது. ராஜா கட்சி ஜன்னல் பக்கம், ரஹ்மான் கட்சி கை கழுவும் பக்கம். காகிதத்தில் மளமளவென்று ஸ்வரம் எழுதுகிறவர் ஒருத்தர், ராத்திரி ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் ஒலியை அடுக்கு அடுக்காகச் சேர்க்கிறவர் இன்னொருத்தர். நான் ஜன்னல் கட்சி. கை கழுவும் கட்சிக்காரர் ஒருவரோடு எட்டு மாசம் பேசாமலே இருந்தேன். எல்லாம் வயசு.

தாசரிடம் இதைச் சொன்னபோது, "அதேதான் ஸார் இதுவும். 'ராமாயணா' இந்திப் படத்துக்கு ரஹ்மானும் ஸிம்மரும் சேர்ந்து மியூஸிக்னு 2025-ல அறிவிச்சாச்சு. உங்க எதிர்க்கட்சி கூட்டணியே வெச்சிருச்சு" என்றான்.

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று வில்லியம்ஸ் புகழ் பாடினேன். 1932-ல் பிறந்தவர். ஆஸ்கருக்கு 54 தடவை சிபாரிசு, 5 தடவை ஜெயித்தவர். வெட்டி முடித்த படத்தைப் பார்த்துவிட்டு, எங்கே இசை தொடங்கணும், எங்கே நிற்கணும் என்று டைரக்டரோடு உட்கார்ந்து முடிவு செய்து, விநாடிக் கணக்குக்கு ஏற்ப பென்சிலால் காகிதத்தில் எழுதுகிறவர். கம்ப்யூட்டரைத் தொடாதவர்.

"1977-ல 'ஸ்டார் வார்ஸ்'! லண்டன் சிம்பனி ஆர்கெஸ்ட்ரா! ஒவ்வொரு பாத்திரத்துக்கும் தனி மெட்டு! அந்தக் கறுப்பு முகமூடி டார்த் வேடர் முதமுதல்ல கதவைத் தாண்டி வர்றப்போ ஒரு மார்ச் வாசிப்பாங்களே, டண் டண் டண் டண்டடண்..."

தாசர் மெதுவாகக் கேட்டான். "அந்த மார்ச் முதல் படத்துல கிடையாதே ஸார்? 1980-ல வந்த ரெண்டாவது படத்துலதானே?"

கான்டீனே அமைதியானது. ஒரு பையன் ஃபோனை எடுத்துத் தேடினான். தாசர் சொன்னதுதான் சரி.

நாற்பது வருஷமாக வில்லியம்ஸ் கட்சியில் இருந்தவன், எதிர்க்கட்சிப் பையனிடம் வில்லியம்ஸ் பாடத்திலேயே தோற்றேன். மானம் போனபிறகு மனிதன் செய்யும் ஒரே காரியத்தைச் செய்தேன். பந்தயம் கட்டினேன்.

"முணுமுணுக்க முடியாத இசை ஒரு இசையாப்பா? தியேட்டரை விட்டு வெளிய வர்றப்போ கையில என்ன இருக்கு? உன் ஆளோட மியூஸிக்கை எங்க, வாயால பாடிக் காட்டு பார்ப்போம்."

தாசர் மூச்சை இழுத்து, "ப்ப்பாஆஆம்" என்றான். மானேஜர் கேபினிலிருந்து வெளியே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

"மெட்டு வேற, வேலை வேற ஸார்" என்றான் தாசர். "ஸீனுக்கு என்ன பண்ணுதுன்னு பாக்கணும்."

சரி, பரீட்சை வைத்துவிடுவோம் என்று முடிவாயிற்று. தோற்றவர் ஒரு மாதம் பஜ்ஜி வாங்கித் தரவேண்டும்.

*

நேர்மையாகச் சொல்கிறேன். எதிரியின் பலம் தெரியவேண்டும் என்றுதான் ஸிம்மரைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன். படிக்கப் படிக்கக் கொஞ்சம் சங்கடமாகிவிட்டது.

1957-ல் ஜெர்மனியில், ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்தவர். முறையாகப் பியானோ கற்றது இரண்டே வாரம் என்று அவரே சொல்லியிருக்கிறார். வாலிபத்தில் பாப் கோஷ்டிகளோடு கீபோர்டு. 1979-ல் வந்த 'வீடியோ கில்டு தி ரேடியோ ஸ்டார்' பாட்டின் வீடியோவில் கறுப்புச் சட்டையில் ஓரமாக நிற்கிற பையன் இவர்தான். எம்.டி.வி. 1981-ல் ஆரம்பித்தபோது ஒளிபரப்பிய முதல் வீடியோவே அதுதான். 1989-ல் 'டிரைவிங் மிஸ் டெய்ஸி' படத்துக்கு ஆர்கெஸ்ட்ராவே இல்லாமல், தனி ஆளாக மின்சார வாத்தியங்களை வைத்தே முழு இசையையும் முடித்தார். அந்த வருஷத்துச் சிறந்த படம் என்று அதற்கு ஆஸ்கர் கிடைத்தது.

தாசர் கட்சியின் மீது வழக்கமான புகார் ஒன்று உண்டு. கலிபோர்னியா ஸான்டா மானிக்காவில் ஸிம்மருக்கு ஒரு கம்பெனி. அங்கே இளைஞர்கள் பலர் சேர்ந்து வேலை செய்கிறார்கள். 'இது இசையா, தொழிற்சாலையா?' என்பார்கள் எங்கள் கட்சியில். ஆனால் 'அயர்ன் மேன்', 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' இரண்டுக்கும் இசை அமைத்த ரமீன் ஜவாதி அங்கே கற்று வந்தவர்தான். சிஷ்யர்கள் உருப்பட்டால் அதைத் தொழிற்சாலை என்பதா, குருகுலம் என்பதா? பந்தயம் நடக்கும்போது இந்தக் கேள்வியை நான் வெளியில் கேட்கவில்லை.

இன்னொன்றும் புரிந்தது. அந்தக் காலத்தில் படத்தை வெட்டி ஒட்டி முடித்துவிட்டால் முடிந்தது. பிறகு வில்லியம்ஸ் விநாடிக்கு விநாடி எழுதலாம். கம்ப்யூட்டரில் எடிட்டிங் வந்தபிறகு டைரக்டர்கள் கடைசி வாரம்வரை கத்தரிக்கிறார்கள். நாலு விநாடி குறைந்தால் பென்சில் இசை தடுக்கி விழும். அடுக்கு அடுக்காகக் கட்டிய இசை, ரப்பர் மாதிரி இழுத்தால் நீளும், விட்டால் சுருங்கும். காலத்துக்கேற்ற வேஷ்டி.

அந்த 'ப்பாஆம்'முக்கும் காரணம் இருக்கிறது. 'இன்செப்ஷன்' படத்தில் கனவுக்குள் கனவு. உள்ளே போகப் போக நேரம் மெதுவாகும். தூங்குகிறவர்களை எழுப்ப எடித் பியாஃபின் பழைய ஃபிரெஞ்சுப் பாட்டு ஒன்றைப் போடுவார்கள். அந்தப் பாட்டின் ஆரம்ப வாத்தியங்களை மிக மெதுவாக ஓட்டினால் என்ன கேட்கும்? நம் தண்ணி லாரி! அதாவது ஆழ்ந்த கனவில் இருப்பவன் காதில் அந்தப் பாட்டு எப்படி விழுமோ, அப்படி. நான் லாரி என்று சொன்னது கணக்குப் போட்டுச் செய்த வேலை.

கடைசியாக ஒரு கதை. 'இன்டர்ஸ்டெல்லார்' (2014) படத்துக்கு முன்னால் டைரக்டர் நோலன், ஸிம்மருக்கு ஒரே ஒரு பக்கம் டைப் அடித்துக் கொடுத்தார். அதில் ராக்கெட் இல்லை, கிரகம் இல்லை. ஒரு அப்பாவும் ஒரு குழந்தையும் மட்டும். ஒரு நாள் அவகாசம். ஸிம்மர் அன்று ராத்திரியே ஒரு சின்ன இசை எழுதினார். வாசித்துக் காட்டியபிறகுதான் நோலன் இது விண்வெளிப் படம் என்பதையே சொன்னார். அந்தச் சின்ன இசைதான் மூன்று மணி நேரப் படத்துக்கும் விதை. பிறகு லண்டன் டெம்பிள் சர்ச்சில் இருக்கும் பெரிய ஆர்கனில் வாசித்துப் பதிவு செய்தார்கள்.

ஸிம்மருக்கு ஆறு வயதில் அப்பா இறந்துபோனார். 1994-ல் 'தி லயன் கிங்' படத்தை ஒப்புக்கொண்டது, தன் சின்னப் பெண்ணை முதல் நாள் விழாவுக்கு அழைத்துப் போகலாம் என்ற ஆசையில். உட்கார்ந்து பார்த்தால் அப்பா சிங்கம் சாகிறது. தன் அப்பாவுக்காக அழாத அழுகையை அதில்தான் அழுதேன் என்று பின்னால் சொன்னார். முதல் ஆஸ்கர் அதற்குத்தான். இரண்டாவது, 2021-ல் வந்த 'டூன்' படத்துக்கு.

இதையெல்லாம் படித்துவிட்டுப் பேசாமல் கம்ப்யூட்டரை அணைத்தேன். தாசரிடம் மூச்சு விடவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குத் தாசர் வீட்டுக்கு வந்தான். பரீட்சையின் பெயர் சமையலறைப் பரீட்சை. நாங்கள் ஹாலில் இசையை மட்டும் போடுவோம். படம் இல்லை, வசனம் இல்லை. சமையலறையில் வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருக்கும் என் மனைவி, என்ன நடக்கிறது என்று அங்கிருந்தே சொல்லவேண்டும். பாரபட்சமில்லாத நீதிபதி. அவள் பார்த்த ஒரே இங்கிலீஷ் படம் 'டைட்டானிக்'. அதிலும் கப்பல் பனிக்கட்டியில் இடிப்பதற்குள் தூங்கிவிட்டாள்.

பயிற்சிக்காக அதையே முதலில் போட்டோம். ஜேம்ஸ் ஹார்னர் இசை. உள்ளேயிருந்து கூடவே ஹம்மிங் வந்தது. அந்தப் படத்தில் பாட்டே வேண்டாம் என்றுதான் டைரக்டர் கேமரூன் இருந்தார். ஹார்னர் அவருக்குத் தெரியாமல் செலின் டியானைப் பாடவைத்துப் பதிவு செய்துவிட்டு, நல்ல நேரம் பார்த்துப் போட்டுக் காட்டினார். அப்புறம் அது ஒலிக்காத கல்யாண மண்டபம் உண்டா? 2015-ல் விமான விபத்தில் போய்ச் சேர்ந்தார், பாவம். 'பாத்தியா, மெட்டுதான் நிக்குது!' என்று தாசரைப் பார்த்துக் கண்ணடித்தேன்.

முதல் கேள்வி, 'ஜாஸ்'.

"யாரோ பாட்டு கத்துக்கறாங்க" என்றாள் மனைவி. சின்ன வயதில் சரளி வரிசைவரை போனவள். "ரெண்டாவது ஸ்வரத்தைத் தாண்டவே மாட்டேங்கறாங்க." கொஞ்ச நேரம் கழித்து, "என்னங்க, வாசக் கதவைத் தாழ்ப்பாள் போட்டீங்களா?"

எனக்கு ஒரு மார்க்!

இரண்டாவது, 'தி டார்க் நைட்' (2008). ஸிம்மரும் ஜேம்ஸ் நியூட்டன் ஹவர்டும் சேர்ந்து செய்த படம். அதில் ஜோக்கர் வரும்போது மெட்டே கிடையாது. செல்லோவில் ஒரே ஸ்வரத்தை இழு இழு என்று இழுப்பார்கள். நரம்பு தெறிக்கும்போல இருக்கும். இதற்கு என்ன சொல்லப்போகிறாள் என்று நான் சிரித்துக்கொண்டிருந்தபோதே கரண்டியோடு ஓடிவந்தாள்.

"எங்கியோ ஒயர் கருகுதுங்க! மெயினை அணைங்க!"

"அவ்ளோதான் ஸார் ஜோக்கர்!" என்று தாசர் குதித்தான். ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த வில்லனைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக எந்த விமரிசகரும் எழுதவில்லை.

மூன்றாவது, 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' (1993). ஹிட்லர் கால யூதர்களின் கதை. வெட்டிய படத்தைப் பார்த்துவிட்டு வில்லியம்ஸ், 'இதற்கு என்னைவிட நல்ல இசையமைப்பாளர் வேண்டும்' என்றாராம். ஸ்பீல்பெர்க், 'தெரியும், ஆனால் அவர்களெல்லாம் செத்துப்போய்விட்டார்களே' என்றாராம். இட்ஸாக் பெர்ல்மனின் வயலின். உள்ளே கொஞ்ச நேரம் எண்ணெய்ச் சத்தம்கூட இல்லை.

"அழுது முடிச்ச வீடு மாதிரி இருக்கு" என்றாள்.

எனக்கு இரண்டு மார்க் தரலாம். தாசரும் ஆட்சேபிக்கவில்லை.

நாலாவது, 'டன்கர்க்' (2017). நோலன் தன் சொந்தக் கடிகாரத்தின் டிக் டிக்கைப் பதிவு செய்து ஸிம்மருக்கு அனுப்ப, அதன்மேல் கட்டிய இசை. ஸ்வரம் மேலே மேலே ஏறிக்கொண்டே இருப்பதுபோல ஒரு காது ஏமாற்று வித்தையும் உண்டு. ஏறும், ஏறும், உச்சிக்குப் போய்ச் சேரவே சேராது. ஹவுஸிங் லோன் மாதிரி. பதில் எதுவும் வரவில்லை. எட்டிப் பார்த்தேன். அவசர அவசரமாக மாவைக் கரைத்துக்கொண்டிருந்தாள். "இருங்க, இருங்க, இதோ ஆச்சு! ஏன் இப்படி அவசரப்படுத்தறீங்க?"

நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லையே!

ஐந்தாவது, 'ஈ.டி.' (1982). சைக்கிள்கள் வானத்தில் பறந்து, கடைசியில் அந்த ஜீவன் விடைபெறும் இசை. ரிக்கார்டிங்கில் படத்தின் விநாடிகளோடு இசை ஒட்டவே இல்லை. ஸ்பீல்பெர்க் படத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, 'கச்சேரி மாதிரி உங்கள் இஷ்டத்துக்கு வாசியுங்கள்' என்றார். பிறகு அந்த இசைக்குத் தகுந்தாற்போலப் படத்தை வெட்டினார். டைரக்டர் இசைக்கு வளைந்து கொடுத்தது அங்கேதான்.

"எதையோ ஜெயிச்சுட்டாங்க. ஆனா யாரோ கிளம்பறாங்க" என்றாள் மனைவி.

நான் தாசரைப் பார்த்தேன். ஒரு மாத பஜ்ஜி என் கண்முன் வந்தது. ஆறாவது, கடைசிக் கேள்வி அவனுடையது. 'இன்டர்ஸ்டெல்லார்' போட்டான்.

மெல்ல ஆரம்பித்தது. ஆர்கன், ரொம்ப தூரத்தில். மெட்டு என்று சொன்னால் சொல்லலாம், நாலைந்து ஸ்வரம் திரும்பத் திரும்ப. மூச்சு விடுகிற மாதிரி. 'இதை வெச்சுக்கிட்டு என்ன சொல்லிட முடியும்?' என்று நான் சைகை காட்டினேன்.

மனைவி உள்ளேயிருந்து வந்தாள். கையில் கரண்டி. வழக்கமாக வாசற்படியில் நின்று பேசுகிறவள், வந்து சோபாவின் கைப்பிடியில் உட்கார்ந்தாள். இசை ஏறிக்கொண்டே போயிற்று. அறை முழுக்க நிறைந்தது.

"சொல்லும்மா, என்ன நடக்குது?" என்றேன்.

"யாரோ ரொம்ப தூரம் போயிட்டாங்க" என்றாள். "இங்க இருக்கறவங்களுக்குத்தான் நேரம் போகவே மாட்டேங்குது."

அப்புறம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "இப்ப நாலரை. அங்க காலையில ஏழு இருக்குமில்ல? எழுந்திருப்பாளா?"

எங்கள் ஒரே பெண் டொரான்டோவில் இருக்கிறாள். போய் நாலு வருஷம். கடைசியாக வந்து இரண்டு வருஷம்.

அந்தப் படத்தில் ஒரு காட்சி உண்டு. அப்பா வேறொரு கிரகத்தில் சில மணி நேரம் இருந்துவிட்டு வருவார். அதற்குள் பூமியில் 23 வருஷம் ஓடியிருக்கும். பிள்ளைகள் அனுப்பிய செய்திகளையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்பார். என் மனைவி அந்தப் படத்தைப் பார்த்ததில்லை. பெயரைக்கூட நாங்கள் சொல்லவில்லை. அது ராக்கெட் படம் என்பது தெரியாமல் ஸிம்மர் எழுதியதை, ராக்கெட் படம் என்பது தெரியாமலே அவள் கேட்டாள். அந்த ஒரு பக்கக் காகிதத்தில் இருந்தது அப்படியே வந்து சேர்ந்துவிட்டது.

ஃபோன் போட்டாள். ஆறு ரிங்குக்கு அப்புறம் தூக்கக் குரல்.

"என்னம்மா? ஏதாவது அவசரமா? ஞாயித்துக்கிழமைம்மா..."

"ஒண்ணுமில்லடி. சும்மாதான். தூங்கு."

"அப்பா எங்க?"

"இதோ பக்கத்துல. ஏதோ பாட்டு கேட்டுக்கிட்டு இருக்கார்."

நான் எதுவும் பேசவில்லை. தொண்டையில் சுறா. தாசர் நல்ல பையன். எங்கள் ஹாலில் இருக்கும் சீலிங் ஃபேனை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"ஸார், ஏதோ கருகற வாசனை."

"மறுபடி 'டார்க் நைட்'டாப்பா?"

"இல்ல ஸார். பஜ்ஜி."

*

திங்கட்கிழமை காலையில் தாசரிடம் தோல்வியை ஒப்புக்கொள்ளப் போனேன். முணுமுணுக்க முடியாதது இசையா என்று கேட்டவன் நான்தானே? முதல் நாள் ராத்திரி அந்த ஆர்கன் இசையை வாயால் பாடிப் பார்த்தேன். உப்புச் சப்பில்லை. ஆனால் மனசுக்குள் அது ஓடுவது நிற்கவும் இல்லை. பாட முடியாததும் தங்கும் என்று ஐம்பத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன். ராஜா, ரஹ்மான் சண்டையில் எட்டு மாசம் பேசாமல் இருந்தேனே, அந்த நண்பருக்கு ஒரு ஃபோன் போடவேண்டும்.

மாடிப்படியில் யாரோ சீட்டியடித்துக்கொண்டு ஏறிவரும் சத்தம். 'டட்டடா டா... டட்டடா...' இந்தியானா ஜோன்ஸ் மார்ச்! 1981, சாட்சாத் ஜான் வில்லியம்ஸ். திரும்பிப் பார்த்தால் தாசர். நாலு நாள் லீவு ஸாங்ஷன் ஆகியிருக்கிறது.

"என்னப்பா, ஸிம்மர் எங்க போனார்?"

மாட்டிக்கொண்ட முழியோடு நின்றான். "லீவு கிடைச்சதுக்கு ஆர்கன் வாசிக்க முடியுமா ஸார்?"

ஆகவே பஜ்ஜி செலவு ஆளுக்குப் பாதி என்று முடிவாகியிருக்கிறது.

நீங்களும் உங்கள் வீட்டில் இந்தப் பரீட்சையை வைத்துப் பார்க்கலாம். சாதாரணமாக யாரும் ஒழுங்காகக் கேட்காத அந்தப் பின்னணி இசை எவ்வளவு வேலை செய்கிறது என்பது தெரியும். ஒரே ஒரு எச்சரிக்கை. கடைசிக் கேள்வியைப் போடுவதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிடச் சொல்லுங்கள்.